போஜனசாலை வியாபாரமும் ஒலி, மண யந்திரங்களும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



நம்மவரிற் பலர் சிற்றுண்டிச்சாலையும் போஜனசாலையும் நடத்திச் சீவிப்பவர்கள். அவர்களுள் சில வாலிபர்கள், பாட்டொலிக்கும் கருவிகளும் வாசனை தூவும் யந்திரங்களும் வைத்தால் வியாபாரம் விருத்தியாகுமென்று விற்பனைக்காரர் சொல்லக் கேட்டு, கடன்பட்டேனும் அவற்றை வாங்கத் துணிந்திருக்கின்றனர். ஆகையால் அவை மெய்யாகவே என்ன செய்யும், என்ன செய்யா என்பதை இன்று பேச எடுத்துக்கொண்டோம்.

உணவை நாக்கு மாத்திரம் உண்பதில்லை. காதும் மூக்கும் பங்கு கொள்ளுகின்றன. இதை நமக்கு எவரும் புதிதாய்ப் போதிக்க வேண்டுவதில்லை. மதுரையின் இராக்கடைகளிலே கொத்துப் பரோட்டாவுக்குக் கல்லின்மேல் தாளமிடும் ஓசை, தெருக்கோடியில் வருகிறவனையும் கடைக்குள் இழுத்துவிடுகிறது. காப்பிக்கொட்டை வறுத்தரைக்கும் கடைக்கு விளம்பரப் பலகை வேண்டுமோ? ஆயினும், இவை தொழிலினின்றே பிறக்கும் ஓசையும் மணமும். இப்பொழுது வந்திருப்பனவோ, அடுப்பைச் சாராமல் தனியே செய்து விற்கப்படுவன.

அவற்றுள் மிகவும் கீர்த்தி பெற்றது, இங்கிலாந்திலே பிரே என்னும் கிராமத்திலுள்ள ‘ஃபேட் டக்’ போஜனசாலையில் ஹெஸ்டன் புளூமென்தால் என்பார் 2007-ம் வருஷத்தில் பரிமாறிய ‘கடலோசை’ என்னும் பண்டம். மணல்போற் செய்த மாவின்மேல் கடலுணவுகளை வைத்து, கூடவே ஒரு சங்கையும் கொணர்ந்து வைப்பார்கள். சங்கினுள் ஐபாட் என்னும் சிறு கருவி ஒளிந்திருக்கும். அதன் குழாய்களைக் காதில் மாட்டிக்கொண்டால் அலையோசையும் கடற்பறவைகளின் குரலும் கேட்கும். ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலைப் பண்டிதர் சார்லஸ் ஸ்பென்ஸ் அவரோடு கூடிச் செய்த சோதனையில், கடலோசை கேட்டுக்கொண்டே சிப்பியுணவை உண்பது, பண்ணைப் பிராணிகளின் சத்தத்தோடு உண்பதைவிட இன்பமாயிருந்ததென்று உண்டவர்கள் சொன்னார்கள். அங்கே பண்டம் முதல்தரமானது. சங்கு அதற்குத் துணை நின்றது. ஊசிப்போன சட்னிக்குச் சமுத்திரமே வந்து முழங்கினாலும் பயனில்லை.

கொரியா தேசத்துச் சியோல் நகரில் 2012-ல் டங்கின் டோனட்ஸ் கம்பெனியார் வேறொரு தந்திரம் செய்தனர். பஸ்ஸின் வானொலியில் தங்கள் விளம்பரப் பாட்டு ஒலித்தவுடன் அதை அடையாளங்கண்டு காப்பி மணத்தைத் தூவும் கருவியொன்றைப் பஸ்களில் பொருத்தினர். பஸ் நிற்குமிடங்களை அடுத்த கடைகளில் விற்பனை நூற்றுக்கு 29 வீதம் ஏறிற்றென்று விளம்பரஞ் செய்தவர்களே பிரசித்தஞ் செய்தார்கள். தராசைத் தானே பிடித்தவன் சொன்ன நிறையென்று நாம் இதைக் கொள்ளுகிறோம். அன்றியும், டிக்கட்டு வாங்கிப் பஸ்ஸில் ஏறியவன் காப்பி மணத்தை வேண்டியா ஏறினான்? அவன் மூக்கை அவனறியாமல் வாடகைக்கு விடுவது நமக்குச் சம்மதமன்று.

நம்மவர் கவனிக்கவேண்டிய சோதனை மற்றொன்று. அமெரிக்காவில் மில்லிமன் என்னும் ஆசிரியர் ஒரு போஜனசாலையில் மெதுவான சங்கீதத்தையும் விரைவான சங்கீதத்தையும் மாறிமாறி வைத்துப் பார்த்து, 1986-ல் முடிவை வெளியிட்டார். மெதுவான சங்கீதத்துக்கு ஜனங்கள் சராசரி 56 நிமிஷமும், விரைவானதற்கு 45 நிமிஷமும் மேஜையில் இருந்தனர். உணவுக்குச் செலவிட்ட தொகையில் பெரிய வித்தியாசமில்லை; மதுபானச் செலவே ஏறிற்று. மதுவே விற்காத நமது சாப்பாட்டுக் கடைகளில், பகற்பொழுதில் ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னும் ஒருவர் காத்து நிற்கையில், உண்டவரைப் பதினொரு நிமிஷம் அதிகமாய் உட்கார்த்தி வைத்தால் லாபமா, நஷ்டமா? விற்பனைக்காரர் இக்கணக்கைச் சொல்லமாட்டார்.

நிற்க. சத்தம் அதிகமானால் உப்பும் இனிப்பும் குறைந்து தோன்றுமென்று 2011-ல் வெளியான ஆராய்ச்சியொன்று கூறுகிறது. மேலே ஒலிபெருக்கியை அலறவிட்டுக் கீழே சாம்பாரில் உப்பில்லையென்று சரக்கு மாஸ்டரைக் கோபிப்பது நியாயமாகாது. காது மந்தமான முதியோர் பேரப்பிள்ளைகளோடு வந்து ஒரு வார்த்தையும் பேச வழியின்றித் திரும்பிப் போவதையும் முதலாளிகள் நினைக்கவேண்டும். இவையன்றி, 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, கடையில் ஒலிப்பதிவுகளை வாடிக்கைக்காரர் கேட்க வைப்பதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும். அதற்குரிய கட்டணத்தையும் செலவில் சேர்க்கவேண்டும்.

வாங்கியே தீருவோமென்போர், முதலில் யந்திரத்தை வாடகைக்கு எடுத்து, ஒரு வாரம் வைத்தும் மறுவாரம் நிறுத்தியும் இரண்டு மாதம் நடத்தட்டும். நாள்தோறும் எத்தனை இலை, எத்தனை காப்பி, கல்லாவில் எவ்வளவு என்பதைத் தனிக் குறிப்பேட்டில் எழுதி, காரியதரிசியிடம் கொண்டுவந்தால், கடன் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் நாமும் உடனிருந்து கூட்டிப் பார்ப்போம்.