வாழ்க்கையிற் சித்தியெய்துதல்



பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவரும் நாட்களிலே நம் பாடசாலை வாயில்களில் நிகழ்வதனை நீங்கள் அறிவீர்கள். மருத்துவ பீடத்துக்கும் பொறியியற் பீடத்துக்கும் தெரிவான பிள்ளைகளின் படங்கள் பதாகைகளில் ஏறுகின்றன. அது அவர்கள் கண்விழித்து உழைத்துப் பெற்ற பெருமை. அதனைக் குறைகூற நான் வரவில்லை. ஆயினும், அப்பதாகையின் கீழே தலைகுனிந்து செல்லும் பிள்ளைகளையும் ஓர் அதிபர் காணவேண்டியிருக்கிறது. 40 பேர் கற்ற வகுப்பிலே 4 பேரின் படம் மேலேறினால், ஏனைய 36 பேரும் வாழ்க்கையில் தோற்றவர்கள்தாமா? அந்த 4 பேருந்தான் வாழ்க்கையில் வென்றுவிட்டனரா? இவ்வினாக்களுக்குக் கிறிஸ்தவ விசுவாசம் தரும் விடையையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் 25ஆம் அதிகாரத்திலே இயேசுநாதர் கூறிய உவமை ஒன்று உண்டு. தூரதேசத்துக்குப் புறப்பட்ட எஜமான் ஒருவன் தன் ஊழியர் மூவரை அழைத்து, அவரவர் திறமைக்குத் தக்கபடி ஒருவனுக்கு ஐந்து தாலந்தும், மற்றொருவனுக்கு இரண்டும், இன்னொருவனுக்கு ஒன்றும் கொடுத்துச் சென்றான். முதலிருவரும் முயன்று அவற்றை இரட்டிப்பாக்கினர். மூன்றாமவன் தன் பங்கை நிலத்திலே புதைத்து வைத்தான். நெடுநாட் கழித்து எஜமான் திரும்பிவந்து கணக்குக் கேட்டான்.

இக்கதையைச் சிறுவயது முதற் கேட்டவர்களும் அதிலுள்ள நுட்பம் ஒன்றைக் கவனியாது விடுவதுண்டு. பத்துத் தாலந்தோடு வந்தவனுக்கும் நான்கு தாலந்தோடு வந்தவனுக்கும் எஜமான் கூறிய பாராட்டு சொல்லுக்குச் சொல் ஒன்றே. முதலாம் இடம், இரண்டாம் இடம் என்ற பேச்சே அங்கில்லை. இருவரையும் உண்மையுள்ளவர்கள் என்று மெச்சினானேயன்றி, ஒருவனிலும் மற்றவன் கெட்டிக்காரன் என்று அவன் கூறவில்லை. பெற்றது எவ்வளவோ, அதற்கேற்பவே கணக்கு.

ஒரு தாலந்து பெற்றவனைக் கெடுத்ததும் அவன் பங்கின் சிறுமையன்று. தாலந்து என்பது சில்லறைக் காசன்று. அக்காலத்துக் கூலியாள் ஒருவனின் ஏறக்குறைய 20 ஆண்டு உழைப்புக்கு ஈடான தொகை. அவனைக் கெடுத்தது அச்சம். அஞ்சியே புதைத்தேன் என்று அவனே சொல்லுகிறான். நம் பிள்ளைகளிற் பலரும் தோல்விக்கு அஞ்சியும் பிறரோடு ஒப்பிடப்படுவதற்கு அஞ்சியும் தமக்குள்ளதைப் புதைத்துவிடுகின்றனர். அவர்கள் கையில் மண்வெட்டியைக் கொடுப்பவர்கள், பெரும்பாலும், பெற்றோரும் ஆசிரியருமாகிய நாமே.

இவை சொல்வதற்கு எளியவை, இவ்வளவுகோலைக் கொண்டு வாழ்ந்து காட்டியவர் உண்டோ என நீங்கள் வினவலாம். நம் நாட்டிலேயே, மானிப்பாயிலே, ஒருவர் அவ்வாறு வாழ்ந்தார். அவரும், நாம் பதாகையின் உச்சியில் ஏற்றுகின்ற மருத்துவத் தொழிலையே கற்றவர்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலே 1822இற் பிறந்தவர். நியூயோர்க் நகரில் 1845இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அந்நகரிலேயே தொழில் நடத்தி வளமாக வாழ அவருக்குத் தடையொன்றும் இருக்கவில்லை. ஆயினும் 1847இல் அமெரிக்க மிஷன் ஊழியராக யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயைத் தம் பணிக்களமாகக் கொண்டார். கிறிஸ்துவை அறிவிப்பதே அவர் வந்த நோக்கம். அதை அவர் மறைக்கவுமில்லை. நோயாளரின் துயர் தீர்ப்பதும் அந்நோக்கத்தின் பகுதியென்றே அவர் கொண்டார்.

நோயாளர் கூட்டமோ பெரிது, மருத்துவர் ஒருவர். கைராசிக்காரர் என்ற புகழோடு அவர் காலத்தைக் கழித்திருக்கலாம். கிறீன் அவர்களோ, தாம் இல்லாத காலத்தும் தமிழர் தம் நோயைத் தாமே தீர்த்துக்கொள்ளவேண்டும் என்று எண்ணினார். ஆகவே இளைஞரைத் திரட்டி மேலைமருத்துவம் கற்பித்தார். அவரிடம் பயின்று மருத்துவரானோர் அறுபதுக்கு மேற்பட்டோர். முதலில் ஆங்கிலத்திலே கற்பித்தவர், பின்னர் தமிழிலேயே கற்பிக்கலானார். அதற்கு நூல்கள் வேண்டுமே! பிரசவ வைத்தியம் 1857இலும், இரண வைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும் 1872இலும் வெளிவந்தன. மாணவரும் மொழிபெயர்ப்பிலே தோள்கொடுத்தனர். ஒரு கருத்துக்குச் சொல் வேண்டின், முதலில் தமிழிலே தேடினார். கிடையாவிடின் வடமொழியிலே தேடினார். அங்குங் கிடையாதபோதே ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினார். தம்மிடம் கற்ற மாணவர் ஐரோப்பிய உடைக்கு மாறித் தம் இனத்தவரினின்றும் விலகுவதையும் அவர் விரும்பவில்லை.

இனி, உலகத்தின் அளவுகோலைக் கொண்டு அவர் வாழ்வை அளந்து பார்ப்போம். அரசாங்க உத்தியோகத்துக்கு ஆங்கிலமே வாயிலாக இருந்தது. கொழும்பிலே 1870இல் ஆங்கில மொழியிலான மருத்துவக் கல்லூரி தொடங்கியது. இளைஞரின் நாட்டமும் ஆங்கிலக் கல்வியின் பக்கமே சாய்ந்தது. கிறீன் உடல் நலிவுற்று 1873இல் தாயகம் மீண்டபின், தமிழிலே மருத்துவங் கற்பிக்கும் முயற்சி தளர்ந்து மறைந்தது. மிஷன் சங்கத்தார் எண்ணிப்பார்க்கும் மதம் மாறியோர் தொகையும் யாழ்ப்பாணத்திலே பெரிதும் உயரவில்லை. ஆயுளின் பெரும்பகுதியைச் செலவிட்ட மனிதர், தம் திட்டம் தம் கண்முன்னே சுருங்குவதைக் காண நேர்ந்தது. ஒரு புள்ளிவிபர அறிக்கை இதனைத் தோல்வி என்றே பதியும்.

அவர் செய்தது யாது? மசச்சூசெற்ஸில் ஊஸ்ரர் நகரிலுள்ள தம் வீட்டிலிருந்தபடியே தமிழ் நூல் வேலையைத் தொடர்ந்தார். இரசாயனம் பற்றிய கெமிஸ்தம் 1875இல் வெளிவந்தது. மனுஷ சுகரணம் 1883இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு, 1884இல், அவர் காலமானார். தமிழருக்கு மருத்துவ ஊழியஞ் செய்தவர் என்பதையே தம் கல்லறையில் எழுதவேண்டும் என்பது அவர் விருப்பம், அவ்வாறே எழுதினர்.

பயன் கிட்டும் என்ற உறுதி குன்றிய பின்னரும் ஒரு மனிதரை மேசையில் இருத்தி எழுதுவித்த விசை எது? பாராட்டாயின் அது எப்போதோ ஓய்ந்திருக்கும். கணக்குக் கேட்பவர் ஒருவர் உளர், அவர் விளைவின் தொகையைக் கேட்கமாட்டார், ஒப்படைத்ததைக் கைவிட்டாயா என்றே கேட்பார் என்ற விசுவாசமே அவ்விசை. அவ்விதைப்பின் விளைவு எப்போது எவ்வடிவில் வரும் என்பதும் அவர் கவலையாக இருக்கவில்லை. இன்று மானிப்பாயிலே கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அறிவியலைத் தமிழிற் சொல்ல முயல்வோர் அவரை முன்னோடியென்று போற்றுகின்றனர். இவற்றுள் எதையும் அவர் காணவில்லை.

இவ்வாறு கூறுவது சோம்பலுக்குச் சாட்டாகாது. முதலாம் இடத்தைப் பெற்றவுடன் ஓய்ந்துவிடலாம். ஒப்படைக்கப்பட்டதற்கு உண்மையாயிருப்பதிலோ ஓய்வில்லை. மேலும், இயேசுவின் சீடரான செபெதேயுவின் புதல்வர் இருவர் மகிமையின் ஆசனத்தில் வலமும் இடமும் கேட்டபோது, பெரியவனாக விரும்புபவன் ஊழியனாகவேண்டும் என்ற பொருள்பட அவர் விடையளித்தார். இது பிற சமயத்து நேயர்களுக்கும் புதிதாக இராது. உழவாரம் ஏந்திக் கோயில் முற்றத்தைச் செதுக்கிய அப்பரடிகளின் பெருமையை நம் சைவ அன்பர் நன்கறிவர்.

ஆகவே, மருத்துவ பீடம் செல்லும் பிள்ளைக்கு நான் கூறுவது: தம்பி, தங்கச்சி, ஐந்து தாலந்து உங்கள் கையிலே தரப்பட்டிருக்கிறது, கணக்கு இனிமேற்றான் தொடங்குகிறது. அதை யாருக்காகச் செலவிடப்போகின்றீர்கள் என்பதை இப்போதே சிந்தியுங்கள். தெரிவாகாத பிள்ளைக்குக் கூறுவது: உன் கையிலுள்ளதும் 20 ஆண்டுக் கூலி; அதைப் புதைத்துவிடாதே. நோயாளியைக் கழுவித் துடைக்கும் தாதியும், கிணற்றடித் தோட்டத்தைப் பசுமையாக வைத்திருக்கும் கமக்காரனும், பின்தங்கிய கிராமத்திலே முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் ஆசிரியையும், எஜமான் திரும்பிவரும் நாளிலே அந்த ஒரே பாராட்டைக் கேட்கக்கூடியவர்களே.

பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். பெறுபேறு வெளிவரும் நாளிலே, அயல்வீட்டுப் பிள்ளையின் புள்ளியை விசாரிக்கும் முன்னர், உங்கள் பிள்ளையை அருகே இருத்தி, உனக்குத் தரப்பட்டதைக் கொண்டு யாருக்கு உதவப்போகின்றாய் என்று கேளுங்கள். விடை உடனே வராது. பொறுத்திருந்து கேளுங்கள்.