பேயும் வாளும் காதலும்



கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் பெருவீதியில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் மகாவலியைக் கடந்து சிறிது தூரம் சென்றால் எங்கள் அக்குறணை வரும். மிளகையும் கராம்பையும் வியாபாரத்தையும் நன்கறிந்த ஊர். நான் சிறுவனாயிருந்த காலத்தில் சினிமா அங்கே பெரியோருக்கு உவப்பான காரியமன்று. ஆகவே, படம் பார்க்க விரும்பிய சிறுவர்கள் கண்டிக்குப் பஸ் ஏறுவோம், "எங்கே போயிருந்தாய்?" என்ற வினாவுக்குரிய விடையைத் திரும்பும் வழியிலேயே ஆயத்தஞ் செய்து கொள்வோம்.

அவ்வாறு பார்த்தவற்றுட் பல, கலைப்படைப்பென்று எவரும் போற்றாத படங்கள். வாட்சண்டை ஒரு பங்கு, காதல் ஒரு பங்கு, பேயும் மந்திரவாதியும் மிகுதிப் பங்கு. இத்துறையில் தனியரசு செலுத்தியவர் பி. விட்டலாச்சார்யா. உடுப்பிப் பகுதியில் 1920இல் பிறந்து 1999இல் மறைந்த இவர், டூரிங் டாக்கீஸ் நடத்தித் தொழிலைக் கற்றவர். கன்னடத்தில் தொடங்கித் தெலுங்கிற் பெயர் பெற்றார். அவருடைய தெலுங்குப் படங்கள் தமிழ் பேசவைக்கப்பட்டு நம்மவரிடம் வந்தன. 'கத்தி' என்ற அடைமொழியையே பெற்றுவிட்ட காந்தாராவ் அவருடைய வீரர்களுள் முதன்மையானவர்.

1951இல் வெளிவந்த 'பாதாள பைரவி' பெரும்பொருள் செலவிட்டு எடுத்த மாயாஜாலப் படம். விட்டலாச்சார்யாவிடம் அத்தனை பணம் இல்லை. ஒரே அரண்மனையைத் திரைச்சீலை மாற்றி, தூணுக்கு வேறு வர்ணம் பூசி, அடுத்த படத்திலும் நிறுத்திவிடுவார். ஊதியம் கூடுதலாகக் கேட்ட நடிகரைக் கதையில் ஒரு முனிவரின் சாபத்தால் ஆடாகவோ கிளியாகவோ மாற்றிவிட்டு, மீதிப் படத்தை அந்தப் பிராணியைக் கொண்டே முடித்து விடுவாராம். இது திரையுலகத்தார் சிரித்துச் சொல்லும் கதை. உண்மையோ பொய்யோ, அவர் படங்களைப் பார்த்தவர்கள் எளிதில் நம்புவர்.

மாயங்களும் அவ்வளவு மலிவானவையே. காமிராவை நிறுத்தி, நடிகரை விலகச் சொல்லி, மறுபடி ஓட்டினால் மனிதன் மறைந்துவிட்டான். மதிலிலிருந்து குதிப்பதைப் படம்பிடித்துப் பின்புறமாக ஓட்டினால் மதில்மேற் பாய்ந்துவிட்டான். விறகில்லாத வேளையில் தன் காலையே அடுப்பில் நீட்டி எரித்துச் சமைக்கும் பேயை அவர் படத்திற் கண்டவர் எவரும் மறந்திரார். இதற்கு ஆன செலவு சொற்பம். ஆனால், அன்றிரவு பிங்கா ஓயாப் பாலத்தைக் கடந்து வீடு சேர்வதற்குள் நான் பட்ட பாடு சொற்பமன்று.

சண்டைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே சீனடி, சிலம்பம் என்னும் கலைகள் வழங்கி வருவதை நேயர்கள் அறிவீர்கள். அவற்றைப் பயின்ற ஒருவர் வியாபாரத்தின் பொருட்டு எங்கள் ஊருக்கு வருவார். நாங்கள் மிளகுத் தோட்டத்திற் கம்பெடுத்து ஆடிய வாட்போரைக் கண்டு, "தம்பிமாரே, நீங்கள் எதிரியை அடிக்கவில்லை, அவனுடைய கம்பைத்தான் அடிக்கிறீர்கள்" என்றார். அந்தப் படங்களின் சண்டையும் அத்தகையதே.

எங்கள் மூத்தம்மா ஒருநாளும் திரையரங்கைக் கண்டவரல்லர். ஜின்களைப் பற்றிய கதைகளோ அவரிடம் எண்ணிலடங்கா. நான் படத்திற்குப் போனதைக் கண்டுபிடித்துவிட்டார். வாப்பாவிடம் சொல்லாதிருக்க வேண்டுமானால் கதையை முழுவதும் சொல்ல வேண்டும் என்பது உடன்படிக்கை. நான் வீரனின் பிரதாபத்தை விரித்துரைத்தேன். அவரோ, "அந்தப் பேய்ப் பெண் என்ன ஆனாள்?" என்று மட்டுமே கேட்டார். "எரித்துவிட்டார்கள்" என்றேன். "அவள் அவனிடம் ஆசை வைத்தது தவிர வேறென்ன செய்தாள், மகன்?" என்றார். என்னிடம் விடை இல்லை. படத்திலும் இல்லை. 1978இல் பெருவெற்றி பெற்ற 'ஜகன்மோகினி'யிலுங்கூட மோகினியின் காதல் முறியடிக்கப்பட வேண்டிய தீங்காகவே நிற்கிறது.

பல ஆண்டுகளுக்குப் பின், ஹொங்கொங்கில் 1987இல் எடுக்கப்பட்ட 'எ சைனீஸ் கோஸ்ட் ஸ்டோரி' என்ற படத்தை நண்பரொருவர் வீட்டில் வீடியோ நாடாவிற் பார்த்தேன். சிங் சியூ-டுங் இயக்கியது. கதையின் மூலம், 1715இல் மறைந்த பூ சோங்லிங் என்னும் சீன எழுத்தாளருடையது. அமெரிக்கப் படங்களின் செலவோடு ஒப்பிட்டால் இதன் செலவு அற்பம். புகை, நீல ஒளி, காற்றில் அலையும் நீண்ட துகில், நடிகரைத் தூக்கும் கம்பி, இவையே மூலதனம். வரி வசூலிக்க வந்த ஏழை வாலிபனொருவன் பாழ்ங்கோயிலிற் பேய்ப் பெண்ணைச் சந்திக்கிறான். மனிதரை மயக்கிக் கொணருமாறு அவளை ஏவுவது ஒரு மரப் பூதம். வாளேந்திய துறவியொருவர் அதனோடு பொருதுகிறார். இதுவரையில் எல்லாம் நான் கண்டிக்குப் பஸ் ஏறிப் பார்த்தவைதாம்.

முடிவில் அவளை எவரும் எரிக்கவில்லை. விடிந்துவிடுகிறது, சூரிய ஒளி பட்டால் அவள் அழிவாள். வாலிபன் சாளரக் கதவைத் தன் உடலால் அழுத்தி ஒளியைத் தடுக்கிறான். கதவை விட்டால் அவளுக்கு அழிவு. விடாவிட்டால் திரும்பி அவள் முகத்தைக் கடைசியாக ஒருமுறை காண இயலாது. அவன் கதவை விடவில்லை. அவள் மறுபிறவி எய்தும்பொருட்டு அவளுடைய அஸ்தியைக் கொண்டுபோய் அடக்கம் செய்கிறான்.

அந்தக் காட்சியில் வாளுக்கு வேலையில்லை. ஒரு கதவும், ஓர் ஒளிக்கீற்றும், இரண்டு நடிகரும் போதுமாயிருந்தது. விட்டலாச்சார்யாவிடமும் இவை யாவும் இருந்தனவே என்று எண்ணிக்கொண்டேன்.

மூத்தம்மா அப்போது உயிரோடில்லை. இருந்திருந்தால், மறுநாட் காலையிலேயே போய்ச் சொல்லியிருப்பேன்.