எரிகாயத்திற்கு எந்தக் கட்டு?



குசினியிற் கேத்தல் சரிந்து குழந்தையின் கையிற் கொதிநீர் கொட்டிவிட்டால் நாம் முதலில் எதைத் தேடுகின்றோம்? ஒரு வீட்டில் தேங்காயெண்ணெய். மற்றொரு வீட்டிற் பற்பசை. இவை வெந்த தோலைக் குளிரச் செய்யா. கிருமி புகுதற்கும் இடங்கொடுக்கும். ஓடுகின்ற தண்ணீரில் 20 நிமிடம் காயத்தைப் பிடித்தலே முதல் வைத்தியம். பனிக்கட்டி ஆகாது.

அதன் பின்னரே கட்டு. தோல் சிவந்த அளவில் நின்ற காயத்திற்குக் கட்டே வேண்டியதில்லை. கொப்புளம் எழும் காயத்திற்கே அது வேண்டும். காயம் உலர்ந்து பொருக்குத் தட்டினாற்றான் ஆறும் என்பது நம்மவரின் நெடுநாளைய எண்ணம். ஆனால் 1962 இல் ஜோர்ஜ் வின்ரர் என்னும் ஆராய்ச்சியாளர், பன்றித் தோலில் உண்டாக்கிய காயங்களை ஆராய்ந்து, ஈரங்காத்த காயத்திலேயே புதுத்தோல் விரைந்து படரக் கண்டார். உலர்ந்த துணியோ காயத்தில் ஒட்டிக்கொண்டு, உரிக்கும்போது அப்புதுத்தோலையும் பிய்த்துவிடும்.

ஆதலாற் கட்டுகளை ஒப்பிடுங்கால் நாம் கேட்க வேண்டுவன இரண்டு: ஈரத்தைக் காக்குமா? நோகாமற் கழன்று வருமா? வசலீன் தோய்த்த வலைத்துணி மலிவானது. இவ்விரண்டையும் ஓரளவு செய்யும். 1968 இல் அறிமுகமான சில்வர் சல்பாடயசின் களிம்பு நெடுங்காலம் வைத்தியசாலைகளிற் பெருவழக்காயிருந்தது. 2013 இல் கொக்ரேன் அமைப்பினர் 30 பரிசோதனைகளை ஒருங்கு நோக்கியபோது, சிலிக்கன் பூசிய கட்டு, வெள்ளி சேர்ந்த கட்டு முதலியவற்றினும் அக்களிம்பு பின்தங்கியிருக்கக் கண்டனர். ஆயினும் அப்பரிசோதனைகள் பல குறைபாடுடையன என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

விலை உயர்ந்ததே சிறந்தது என்பதுமில்லை. மும்பாய் வைத்தியர் சிலர் 2003 இல் வெளியிட்ட ஆய்விலே, வாழையிலையையே எரிகாயத்திற்குக் கட்டாக்கினர். அது ஒட்டாது, நோகாது, மிக மலிவு. ஆனால் அது முறைப்படி கிருமி நீக்கிய இலை. வளவில் வெட்டிய பச்சையிலை அன்று.

பெரியோர்களே, எண்ணெய்ப் போத்தலை எடுக்கும் அம்மம்மாவின் கை அன்பினால் நீள்வது. அக்கையை மெல்லத் தடுத்தல் அவமதிப்பாகாது. இளைஞர்களே, குழாயில்லாத வீட்டிற் கிணற்றுநீரை வாளி வாளியாக ஊற்றுங்கள். பின்னர் காயத்தைத் தூய துணியால் தளர மூடுங்கள். காயம் முகத்திலோ கையிலோ மூட்டிலோ பட்டதாயினும், குழந்தைக்கு நேர்ந்ததாயினும் தாமதியாது வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். எந்தக் கட்டு என்பதை அவர் தீர்மானிப்பார். அந்த முதல் 20 நிமிடம் நம் கையிலேயே உள்ளது.