ட்றைஸ்ரார் விமானமும் நாமும்



விமானம் என்றதும் விமானியையே உலகம் நினைக்கின்றது. அதனை நிலத்தில் நின்று பேணியவர்கள் சார்பில் நாம் சில வார்த்தை சொல்ல விரும்புகின்றோம்.

லொக்ஹீட் ட்றைஸ்ரார் 1970 நவம்பர் 16இல் முதன்முதலாகப் பறந்தது. 250 விமானங்களே கட்டப்பெற்றன. 1980களில் எயர் லங்காவின் நிறம் பூண்டு அது கட்டுநாயக்காவில் வந்திறங்கிய அழகே அழகு! இறக்கையின் மேலுள்ள தகடுகளைச் சற்றே அசைத்து, மூக்கைத் தாழ்த்தாமலே அது உயரங் குறைக்கும். விமானிகள் அதனை வாயாரப் புகழ்வர்.

எமக்கோ அதன் மூன்றாவது எஞ்சினே நினைவில் நிற்கின்றது. மற்றிரண்டும் இறக்கைகளின் கீழிருக்க, இது வாற்புறத்தினுள்ளே இருந்தது. முதுகின்மேலுள்ள வாயாற் புகுந்த காற்று வளைந்த குழாய்வழியே அதனை அடையும். நள்ளிரவுத் தூறலிற் கைவிளக்குடன் உயர்ந்த சாரத்தில் ஏறிய நாட்கள் இன்றும் இனிக்கின்றன.

வேலை முடிந்ததும் கருவிகளை எண்ணுவோம். ஒரு ஸ்பானர் குறைந்தாலும், அது அகப்படும்வரை மூடி பூட்டப்படாது. பயணிகள் காத்திருப்பர், சிலர் ஏசவுஞ் செய்வர். எனினும் எண்ணிக்கை சரியான பின்னரே கையொப்பம். அந்தக் கையொப்பத்தை நம்பியன்றோ ஏறக்குறைய 300 உயிர்கள் ஏறின!

பயணிகள் சேவையிலிருந்து அவ்விமானம் ஓய்ந்துவிட்டது. அது கற்பித்த பாடம் ஓயவில்லை. இளைஞர்களே, காண்பாரில்லாத இடத்திலும் செம்மையாகச் செய்வதே தொழில்.