காசி தந்த ஹொக்கி வீரர் முகம்மது ஷாஹித்

(தோட்டத்து இளைஞர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பகல் முழுக்க மலையில் நின்று, கொழுந்து நிறுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே நீட்டி முழக்காமல் ஒரு விளையாட்டு வீரரின் கதையைச் சொல்கிறோம்.

நம்ம பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் தெரியும், கரப்பந்து தெரியும். ஹொக்கி அவ்வளவு பழக்கமில்லை. மாத்தளைப் பக்கம் போய்வந்தவர்கள் பார்த்திருப்பார்கள், அங்கே அது பெரிய விளையாட்டு. பக்கத்துக்குப் பதினொரு பேர், நுனி வளைந்த மட்டை, கல்லு மாதிரி ஒரு பந்து. அவ்வளவுதான்.

முகம்மது ஷாஹித் 1960 ஏப்ரல் 14ஆம் திகதி இந்தியாவின் வாரணாசியில், அதாவது நாம் காசி என்று சொல்லும் ஊரில் பிறந்தவர். 1979இல், 19 வயதில், இளையோர் உலகக் கிண்ணத்தில் ஆடினார். மறு வருடமே மொஸ்கோ ஒலிம்பிக்குக்குப் போனார். அந்த அணிக்குத் தலைவர் யார் தெரியுமா? வாசுதேவன் பாஸ்கரன், தமிழ்நாட்டுக்காரர்.

1980 ஜூலை 29, இறுதி ஆட்டம். எதிரணி ஸ்பெயின். இந்தியா மூன்று கோல் போட்டு முன்னுக்கு நின்றது. ஸ்பெயின் விடவில்லை, இரண்டைத் திருப்பிப் போட்டது. நெஞ்சு படபடக்கிற அந்த நேரத்தில் நான்காவது கோலைப் போட்டவர் ஷாஹித். ஸ்பெயின் பிறகும் ஒன்று போட்டது. 4க்கு 3 என்று இந்தியா தங்கம் வென்றது. பாகிஸ்தான், மேற்கு ஜேர்மனி போன்ற பலமான அணிகள் அந்த ஒலிம்பிக்குக்கு வரவில்லை என்பதும் உண்மைதான். ஆனாலும் அதற்குப் பிறகு இன்றுவரை இந்திய ஹொக்கி அணிக்கு ஒலிம்பிக் தங்கம் கிடைக்கவில்லை.

ரசிகர்கள் அவரை நினைப்பது பதக்கத்துக்காக மட்டுமல்ல. பந்தை மட்டையில் ஒட்டவைத்த மாதிரி கொண்டுபோவார். தடுக்க வருகிறவர் வலப்பக்கம் சாய்ந்தால் இவர் இடப்பக்கம் போய்விடுவார். இடது ஓரத்தில் ஸபர் இக்பால் ஓடிவர, இரண்டு பேரும் பந்தை மாற்றி மாற்றிக் கொடுக்கிற அழகைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். 1984, 1988 ஒலிம்பிக்குகளிலும் ஆடினார். இந்திய அணித் தலைவராகவும் இருந்தார். 1986இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

இத்தனை பேர் புகழ்ந்தும் அவர் சொந்த ஊரை விட்டுப் போகவில்லை. ரயில்வேயில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு காசியிலேயே இருந்தார். கங்கைக்கரை ஊரில், இந்துவும் முஸ்லிமும் "நம்ம ஷாஹித்" என்று சொந்தம் கொண்டாடிய மனிதர் அவர்.

2016இல் கல்லீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டன. டில்லிக்குப் பக்கத்தில் உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர் படுத்த படுக்கையில் இருக்கும் செய்தி வந்த பிறகுதான் பலருக்கும் அவருடைய நினைவு வந்தது. அவருக்கு உதவுங்கள் என்று தன்ராஜ் பிள்ளை போன்ற வீரர்கள் குரல் கொடுத்தார்கள். செலவை ரயில்வே ஏற்றது. ஆனாலும் ஜூலை 20ஆம் திகதி உயிர் பிரிந்தது. வயது 56தான். காசியில் நடந்த இறுதி ஊர்வலத்தில் ஊரே திரண்டது. அவரோடு ஆடிய பழைய வீரர்களும் வந்து நின்றார்கள்.

அந்தக் கூட்டத்தை நினைக்கும்போது நமக்கு ஒரு கேள்வி வருகிறது. அதில் எத்தனை பேர் அதற்கு முந்திய வருடம் அவர் வீட்டுப் படியேறி, "எப்படி இருக்கிறீங்க?" என்று கேட்டிருப்பார்கள்?

காசியை விடுவோம். நம்ம தோட்டத்திலும் ஒரு காலத்தில் பந்தடித்துக் கிண்ணம் வாங்கித் தந்தவர்கள் இருக்கிறார்கள். ஓட்டத்தில் முதலாவதாக வந்த அக்காமார் இருக்கிறார்கள். இன்று லயத்து வாசலில் இருமிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அவர்கள் யாரென்றே தெரியாது. செத்த வீட்டில் பெருமை பேச நாம் எல்லோரும் வருவோம். அந்தப் பேச்சு அவர்கள் காதில் விழுமா?

அதனால் ஒன்று செய்வோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அப்படி ஒருவர் வீட்டுக்காவது போவோம். பழைய ஆட்டத்தைச் சொல்லச் சொல்லிக் கேட்போம். சுகமில்லை என்றால் டாக்டரிடம் கூட்டிப்போக ஒரு ஆள் துணைக்குப் போவோம். ஷாஹித்துக்கு நாம் செய்யும் மரியாதை அதுதான்.