ஆசிரியர் கைப்பேசியில் மாணவர் அந்தரங்கம்



பிறருக்கு வந்த கடிதத்தைப் பிரிக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். நம் கைப்பேசியிலும் பிறர் கடிதங்கள் இருக்கின்றன. 'அப்பா தினமும் அடிக்கிறார், டீச்சர்' என்று ஒரு மாணவி இரவில் அனுப்பிய செய்தி அதில் இருக்கலாம். அதை 1098 உதவி எண்ணுக்குத் தெரிவிப்பது நம் கடமை. அது வேறு யார் கண்ணிலாவது பட்டால், மீண்டும் அடிபடுவது அவள்தான்.

வாட்ஸ்அப் உரையாடல்கள் 2016 முதல் முழுமையாகக் குறியாக்கம் செய்யப்படுகின்றன. இடைவழியில் அவற்றைப் படிக்க இயலாது. ஆனால் நம் கைப்பேசியைச் சிறிது நேரம் வாங்கியவர் தம் கணினியை அதனுடன் இணைத்துவிட்டால், அங்கிருந்தே எல்லாவற்றையும் படிக்கலாம். ஆகவே 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியை இன்றே திறந்து பாருங்கள். அறிமுகமில்லாத சாதனத்தை நீக்குங்கள். திரைப்பூட்டு போடுங்கள். இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்குங்கள். காப்புப்பிரதிக்கும் குறியாக்கம் தேவை. அதை நாம்தான் இயக்க வேண்டும்.

சாதாரண அழைப்பில் யார், யாரை, எப்போது, எந்தக் கோபுரத்தின் அருகிலிருந்து அழைத்தார் என்பது தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பதிவில் இருக்கும். மிக முக்கியமானதை நேரில் பேசுவதே நல்லது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 'மறைக்க என்னிடம் எதுவுமில்லை' என்று நமக்காக நாம் சொல்லிக்கொள்ளலாம். நம்மை நம்பிய பிள்ளைக்காக அப்படிச் சொல்ல முடியாது.