அளந்து வாழும் நாடு

(சிங்கப்பூரில் 22 ஆண்டுகளாகக் கட்டுமானத் துறையில் பணியாற்றிவரும் அன்பர் ஒருவர், விடுமுறையில் ஊர் வந்திருந்தபோது தமிழ் மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

அயல்நாட்டில் பிழைக்கப் போனவன் ஊர்ப்பக்கம் தலைகாட்டினால் அவன்முன் நான்கு வினாக்கள் வந்து நிற்கும். "என்னப்பா, அங்கே வாழ்க்கை எப்படி?" என்பது முதல் வினா. "மகிழுந்து வாங்கிவிட்டாயா?" என்பது இரண்டாவது. "வீட்டுக்காரியை எப்பொழுது அழைத்துக்கொள்ளப் போகிறாய்?" என்பது மூன்றாவது. திண்ணையில் செய்தித்தாள் படிக்கும் பெரியவர்கள் கேட்பது நான்காவது: "ஆட்சி எப்படித் தம்பி? நம் ஊரைப் போலத்தானா?"

இந்நான்கு வினாக்கட்கும் அடிப்படையான விடை ஒன்றே. சிங்கப்பூர் எதனையும் அளந்து வைத்து வாழ்கின்ற நாடு. ஏறத்தாழ 735 சதுரக் கிலோமீட்டர் நிலத்தில் 60 இலக்கம் மக்கள் வாழ வேண்டுமெனின் அளவின்றி முடியாது. ஆகலின், அளத்தல் நல்லதா தீயதா என்று கேட்பதினும், அளக்கப்படுவோர் யார், அளவுகோலைக் கையில் வைத்திருப்போர் யார் என்று கேட்பதே அறிவுடைமையாகும். இதனையே இன்று உங்கள்முன் எடுத்துவைக்க விரும்புகிறேன்.

முதலில் அன்றாட வாழ்க்கை. அந்நாட்டின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960-இல் தோன்றியது. இன்று அங்கு நிலையாக வாழும் மக்களுள் பத்தில் எட்டுப் பேர் அளவினர் அக்கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளிலேயே வாழ்கின்றனர். ஒவ்வோர் அடுக்ககத்தின் அடியிலும் தூண்களுக்கிடையே வெறுமையாக ஒரு கீழ்த்தளம் விடப்பட்டிருக்கும். இன்று அங்கு ஒரு மலாய்க் குடும்பத்தின் திருமண விருந்து நடக்கும். அடுத்த கிழமை அதே இடத்தில் ஒரு சீனக் குடும்பத்தின் இழவுப் பந்தல் நிற்கும். வாழ்வும் சாவும் அடுத்தவன் கண்முன்னே நடக்கின்றன.

இவ்வாறு இனங்கள் கலந்து வாழ்வதும் தானாக நிகழ்ந்ததன்று. 1964-ஆம் ஆண்டின் இனக் கலவரங்களை அந்நாட்டார் மறக்கவில்லை. 1989 முதல், ஓர் அடுக்ககத்தில் எந்த இனத்தார் எத்தனை விழுக்காடு இருக்கலாம் என்பதற்கு வரையறை செய்தனர். சேரிகளும் அக்கிரகாரங்களும் தனித்தனியே பிரிந்து கிடக்கும் ஊர்களைக் கண்டு வளர்ந்த எனக்கு, இவ்வரையறை முதலில் பெருவியப்பை அளித்தது. ஆயினும் இதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. ஓர் அடுக்ககத்தில் சீனர்க்குரிய அளவு நிரம்பிவிட்டால், அங்குள்ள தமிழரோ மலாயரோ தம் வீட்டைச் சீனர்க்கு விற்க இயலாது. வாங்குவோர் தொகை குறைகின்றது, விலையும் குறைகின்றது. ஒற்றுமைக்கென எல்லாரும் தரவேண்டிய விலையில் சிறுபான்மையினர் சற்று மிகுதியாகத் தருகின்றனர். அவ்வாறிருந்தும் அக்கொள்கையால் விளைந்த அமைதியை நான் குறைத்து மதிப்பிடேன்.

இனி, மகிழுந்து. நம் ஊரில் ஒருவன் மகிழுந்து வாங்கினால் உயர்ந்துவிட்டான் என்கிறோம். சிங்கப்பூரில் மகிழுந்து வாங்குமுன் ஊர்தி உரிமைச் சான்று ஒன்றை ஏலத்தில் எடுத்தல் வேண்டும். 1990-இல் தொடங்கிய முறை இது. அச்சான்று பத்தாண்டுகட்கே செல்லும். அதன்பின் மீண்டும் பணம் கட்டவேண்டும். இன்றேல் வண்டியை ஒழித்துவிட வேண்டும். 2023 அக்டோபரில் பெரிய மகிழுந்துக்கான சான்றின் விலை மட்டும் 1,50,000 வெள்ளியைக் கடந்தது. அன்றைய மதிப்பில் 90 இலக்க உருபாவுக்கு மேல்! இது வண்டியின் விலையன்று. வண்டி வைத்துக்கொள்வதற்கான உரிமையின் விலை. அதற்கு முன்பே, 1975-இல், நகர நடுவத்திற்குள் காலை நெரிசல் நேரத்தில் நுழையும் வண்டிகட்குக் கட்டணம் விதித்த நாடு அது.

இது கொடுமையன்றோ என்று நீங்கள் கேட்கலாம். எண்ணிப் பாருங்கள். அந்நாட்டின் நிலத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு ஏற்கெனவே சாலைகளாகிவிட்டது. வீட்டுக்கொரு வண்டி என்றால் வீட்டுக்கே இடமிராது. வண்டியைக் குறைத்தவர்கள், அதற்கு ஈடாகப் பேருந்தையும், 1987-இல் ஓடத் தொடங்கிய விரைவுத் தொடர்வண்டியையும் மக்கட்குத் தந்தனர். மேலாளரும் அலுவலகம் துப்புரவு செய்யும் மூதாட்டியும் ஒரே பெட்டியில் நின்று செல்கின்றனர். மகிழுந்து இன்மையை எவரும் அங்கு இழிவாகக் கருதுவதில்லை. இத்தெளிவு நம் நகரங்கட்கும் வரவேண்டுவதாம்.

ஆனால், அன்பர்களே, அச்சாலையில் வேறோர் ஊர்தியும் ஓடுகின்றது. விடியுமுன் தொழிலாளர் விடுதிகளினின்று புறப்படும் சரக்குந்து அது. அதன் பின்தட்டில், பொருள் ஏற்றும் இடத்தில், காலை நீட்டவும் வழியின்றி அமர்ந்து செல்வோர் யார்? நம் தஞ்சையும் புதுக்கோட்டையும் சிவகங்கையும் பெற்ற பிள்ளைகள். வங்காள நாட்டு உழவர்களின் மைந்தர்கள். நானும் பல்லாண்டுகள் அவ்வாறு சென்றவன். மகிழுந்தில் செல்வோன் இடைவார் கட்டாவிடில் தண்டம். சரக்குந்தின் பின்தட்டில் செல்வோனுக்குக் கட்டுதற்கு வாரே இல்லை. மேற்கூரையும் உயர்ந்த பக்கக் கம்பிகளும் கட்டாயமாக்கப்பட்டதுண்டு, அவ்வளவே. 2021 ஏப்பிரலில் அத்தகைய சரக்குந்து ஒன்று, நின்றுகொண்டிருந்த மற்றொரு சரக்குந்தின்மேல் மோதியதில் தொழிலாளர் இருவர் மாண்டனர்; பலர் காயமுற்றனர். இம்முறையை ஒழிக்கவேண்டுமென நாடாளுமன்றத்திலேயே குரல் எழுந்தது. தொழில் நிறுவனங்கள் தாங்கா, கட்டடப் பணிகள் தடைப்படும் என்பதே 2023-இல் அரசு தந்த விடை. நூறு பேர் வண்டி வாங்கும் ஆசையை அடக்க ஆற்றலுள்ள ஓர் அரசுக்கு, பத்துப் பேரை இருக்கையில் அமர்த்தி அழைத்துச் செல்ல ஆற்றலில்லை என்பதை என் உள்ளம் ஒப்பவில்லை.

மூன்றாவது, உறவு. "வீட்டுக்காரியை எப்பொழுது அழைத்துக்கொள்ளப் போகிறாய்?" என்று கேட்கும் அத்தைமார்க்கும் சித்திமார்க்கும் இன்று வெளிப்படையாகவே விடை சொல்லிவிடுகிறேன். வேலை இசைவுச் சீட்டில் சென்ற தொழிலாளி தன் மனைவி மக்களை அங்கு அழைத்துவந்து குடியமர்த்த முடியாது. உயர்ந்த ஊதியம் பெறும் வேறு வகைச் சீட்டுடையோர்க்கே அவ்வுரிமை உண்டு. அதற்கும் திங்களுக்கு 6,000 வெள்ளி என்னும் வரம்பு. வேலை இசைவுச் சீட்டுடையவர் அந்நாட்டுக் குடிமகள் ஒருத்தியை மணக்க விரும்பினால் மனிதவள அமைச்சின் இசைவைப் பெறவேண்டும். வீட்டுவேலைக்குச் சென்ற பெண்கட்கு ஆறு திங்களுக்கு ஒருமுறை மருத்துவ ஆய்வு. கருவுற்றிருப்பது தெரிந்தால் ஊர் திரும்பவேண்டியதுதான். ஒவ்வொரு தொழிலாளிக்காகவும் முதலாளி 5,000 வெள்ளி பிணையம் கட்டுகிறார். மலேசியர்க்கு மட்டும் அது வேண்டா. கையை அழைத்துக்கொள்கின்ற நாடு, அக்கையோடு ஒட்டிய உடலையும் உள்ளத்தையும் எல்லைக்கு வெளியே நிறுத்திவைக்கப் பார்க்கின்றது.

என் திருமணம் முடிந்து 18 ஆண்டுகள் ஆகின்றன. அவற்றுள் என் இல்லாளோடு நான் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த நாள்களைக் கூட்டினால் இரண்டாண்டு தேறா. என் மகள் நடை பயின்றதைச் செல்பேசியில் கண்டேன். என் தந்தையார் மறைந்தபோது, நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஓட்டுவீடு மாடிவீடாயிற்று; தங்கை கரையேறினாள்; மகள் கல்லூரிக்குச் செல்கிறாள். இவையெல்லாம் மெய்யே, இவற்றைத் தந்த மண்ணுக்கு நான் நன்றியுடையவன். ஆயினும் அந்த மாடிவீட்டைப் பார்த்து, "கொடுத்து வைத்தவன்" என்று சொல்வோர், கொடுத்தது எது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

2013 திசம்பர் 8-ஆம் நாள் தேக்காப் பகுதியில் நடந்த கலவரத்தை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நம் நாட்டுத் தொழிலாளி ஒருவர் பேருந்தின் அடியில் சிக்கி உயிரிழந்ததையடுத்து அது மூண்டது. வண்டிகளை எரித்ததை எவரும் முறையெனக் கூறார். அடுத்து வந்த 2015-ஆம் ஆண்டுச் சட்டம், மது விற்கும் நேரத்தையும் குடிக்கும் இடத்தையும் அளந்தது. 2020-இல் கொரோனாத் தொற்று வந்தபோது, ஓரறையில் பலராக அடைந்து கிடந்த விடுதிகளில் அது காட்டுத்தீயாய்ப் பரவிற்று. அவ்வாண்டின் முடிவிற்குள் விடுதித் தொழிலாளருள் ஏறத்தாழச் சரிபாதியினர்க்கு அது தொற்றியிருந்தது. மருத்துவமும் உணவும் குறைவின்றித் தந்தனர். இறந்தோர் மிகச் சிலரே. இதனை மறைப்பது நன்றி கொன்றதாகும். அதே வேளையில், வீட்டிற்குள் இடமளந்து வாழும் அந்நாடு, அதுவரை எங்கள் கட்டில்களுக்கிடையே இருந்த இடத்தை அளந்து பார்க்கவில்லை என்பதும் உண்மையே.

நான்காவது, ஆட்சி. 1959 முதல் இன்றுவரை ஒரே கட்சியே அங்கு ஆள்கின்றது. 2025 மே திங்களில் நடந்த தேர்தலிலும் 97 இடங்களுள் 87 இடங்களை அக்கட்சியே பெற்றது. வாக்களிப்பது கட்டாயம். 1988 முதல் குழுத்தொகுதி என்னும் முறை உண்டு. ஒவ்வொரு குழுவிலும் சிறுபான்மை இனத்தார் ஒருவரேனும் இருத்தல் வேண்டும். கையூட்டு கேட்கும் அலுவலரை என் 22 ஆண்டுகளில் நான் அங்குக் கண்டதில்லை. ஆனால் எதிர்த்துப் பேசுவது அங்கு எளிதன்று. விடுதலை பெற்ற 1965-க்குப் பின், எதிர்க்கட்சியினர் ஒருவர் நாடாளுமன்றத்திற்குள் நுழைய 1981 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாறு நுழைந்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த செயரத்தினம். அந்நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சராகி, நாட்டு உறுதிமொழியை வரைந்த இராசரத்தினமும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவரே. ஆள்வோர் வரிசையிலும் எதிர்ப்போர் வரிசையிலும் தமிழர் இருந்தனர். இன்றைய குடியரசுத் தலைவர் தர்மன் சண்முகரத்தினமும் 2023-இல் 70 விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பெற்று வென்ற தமிழ் வழியினரே. தமிழர் எண்ணிக்கை மிகக் குறைந்த நாட்டில் இது சிறிய செய்தியன்று.

எங்களைப் போன்ற ஒப்பந்தத் தொழிலாளர்க்கோ வாக்கில்லை. பொதுக்கூட்டத்தில் கலந்துகொள்ளும் உரிமையுமில்லை. அளவுகோல் அவர்கள் கையில், அளக்கப்படுவோர் நாங்கள். அயலார்க்கு வாக்கில்லாமை எந்நாட்டிலும் உள்ளதே. அவ்வாறாயின் எங்களுக்காகப் பேசவேண்டியவர் யார்? எங்களை அனுப்பிய ஊரும் நாடுமே அன்றோ?

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி நான்கனுள் ஒன்று. பணத்தாளில் தமிழ் உண்டு. நாடாளுமன்றத்தில் தமிழில் பேசலாம். பள்ளியில் தமிழ் கற்கலாம். கோ. சாரங்கபாணியார் 1935-இல் தொடங்கிய "தமிழ் முரசு" இன்றும் வெளிவருகின்றது. சட்டம் தரக்கூடியவை அனைத்தையும் சட்டம் தந்துவிட்டது. ஆயினும் 2020-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர் அந்நாட்டு மக்களுள் 2.5 விழுக்காட்டினரே. பத்தாண்டுக்கு முன் அது 3 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. ஆங்கிலமோ 32 விழுக்காட்டிலிருந்து 48 விழுக்காட்டுக்கு ஏறிற்று. வரப்பை அரசு கட்டலாம். நீரை நாம்தான் பாய்ச்ச வேண்டும். தாய் தன் குழந்தையிடம் பேசாத மொழியை எந்த அரசின் அளவுகோலும் காப்பாற்றாது. இது சிங்கப்பூர்த் தமிழர்க்கு மட்டுமன்றி, ஆங்கிலப் பள்ளி வாயிலில் வரிசையில் நிற்கும் நமக்கும் உரிய செய்தி.

முடிவாக, மகனை அயல்நாட்டுக்கு அனுப்ப எண்ணும் பெற்றோர்க்குச் சில சொற்கள். தொழிலாளர் வாயில் "ஐ.பி.ஏ." என்று வழங்கும் ஒப்புதல் மடல் வருமுன் முகவரிடம் பெருந்தொகை தராதீர்கள். அடிப்படை ஊதியம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். தொழிலாளியின் தாய்மொழியிலேயே அதனைத் தரவேண்டும் என்பது அந்நாட்டு விதி. அதனை வரி விடாமல் படியுங்கள். ஒரு படி எடுத்து வீட்டில் வையுங்கள். சிங்கப்பூர் முகவர் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய கட்டணம் இரண்டு திங்கள் ஊதியத்திற்கு மேற்படக் கூடாது என்பது அங்குள்ள சட்டம். நிலத்தை அடகு வைத்து அதனினும் பன்மடங்கு கொட்டிக் கொடுப்பது இங்கே, நம் ஊரில், நம்மவரிடமே நடக்கின்றது. கடனோடு போகிறவன் வாய் திறவான். கடன் குறைந்தால், சரக்குந்தின் பின்தட்டில் ஏறமாட்டேன் என்று சொல்லும் துணிவு ஒருநாள் அவனுக்கு வரும்.

போன பிள்ளை திங்கள்தோறும் அனுப்பும் தொகையை மட்டும் அளவாதீர்கள். "உண்டாயா? உறங்கினாயா? எந்த வண்டியில் வேலைக்குப் போகிறாய்?" என்றும் கேளுங்கள்.